தேவுவின் நீலப் பை

கள்ளக்குறிச்சி பஸ் நிலையத்துக்குப் பின்னால் இருக்கும் ஒரு லாரி பார்சல் ஆபீசில் இளமாறன் பன்னிரண்டு வருடமாகப் பார்சல் கட்டுகிறான். டியூப்லைட், கண்ணாடி டம்ளர், குத்துவிளக்கு, தையல் மெஷின், ஒருமுறை ஆளுயரப் பிள்ளையார் சிலை என்று எதைக் கொண்டுவந்து இறக்கினாலும் முதலில் அதை ஒரு சுற்றுச் சுற்றிவந்து பார்ப்பான். பிறகு வைக்கோல், அட்டை, சாக்கு, சணல். கோணி ஊசியை உதட்டில் கவ்விக்கொண்டு அவன் போடும் கடைசி முடிச்சைப் பார்க்கவென்றே பக்கத்து டீக்கடையிலிருந்து ஆட்கள் எழுந்து வருவதுண்டு. "இவன் கட்டுனத இவனே நெனச்சாலும் பிரிக்க முடியாது" என்பார்கள். அதை அவன் பாராட்டாகத்தான் எடுத்துக்கொண்டிருந்தான், மகள் தேவதர்ஷினிக்கு ஏழு மாதம் ஆகும்வரை.

ஆவணி மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில் குழந்தையை முதல்முறையாக வெளியே கூட்டிப்போனார்கள். தூரமில்லை, கச்சிராயபாளையம் தாண்டி கோமுகி அணைதான். மனைவி ஜெயசுதா கட்டில்மேல் குழந்தையின் சாமான்களைப் பரப்பிவிட்டு, "நான் தலை வாரிக்கினு வரேன், நீங்க பையில எடுத்து வையுங்க" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அவள் திரும்பி வந்தபோது கட்டில் காலியாக இருந்தது. நடுவில் ஒரு மூட்டை மட்டும் இருந்தது. நாலு லிட்டர் குக்கர் அளவுதான் இருக்கும். டயபர்களைச் சுருட்டிக் கஞ்சி டப்பாவைச் சுற்றி இறுக்கி, பவுடர் டப்பாவைக் குல்லாவுக்குள் நுழைத்து, சாக்ஸுக்குள் ஸ்பூனைச் செருகி, எல்லாவற்றையும் ஒரு பெட்ஷீட்டில் உருட்டி, சணலால் குறுக்கும் நெடுக்குமாக நாலு கட்டு கட்டியிருந்தான் இளமாறன்.

"மூணு பை சாமான் சுதா. ஒரே பையில அடக்கிட்டேன்" என்றான்.

அணைக்குப் போய் இறங்கிய பத்தாவது நிமிடத்தில் குழந்தை தன் வேலையை முடித்தது. இளமாறன் மூட்டையை எடுத்தான். முதல் முடிச்சு நகத்துக்கு அசையவில்லை. பல்லால் கடித்தான். ஆபீசில் கத்தி இருக்கிறது, இங்கே இல்லை. கடைசியில் கரையோரம் மீன் வறுத்துக்கொண்டிருந்த அம்மாளிடம் அரிவாள்மனையை வாங்கிவந்து சணலை அறுத்தான். அமுக்கி வைத்த சாமான் அத்தனையும் துள்ளிக்கொண்டு வெளியே வந்தது. பவுடர் டப்பா கரைச் சரிவில் உருண்டு தண்ணீர்வரை போய்விட்டது. ஜெயசுதா குழந்தையைத் துடைத்தாள். தேவுவுக்கு மட்டும் இது மிகவும் பிடித்திருந்தது. டப்பா உருண்ட திசையைப் பார்த்து வெகுநேரம் சிரித்தாள்.

திரும்பி வரும் பஸ்சில்தான் ஜெயசுதா வாயைத் திறந்தாள். "பார்சல்னா போய்ச் சேர்ற வரைக்கும் யாரும் பிரிக்கக் கூடாது. கொழந்த பைன்னா போய்ச் சேர்றதுக்குள்ள பத்து வாட்டி பிரிக்கணும். ரெண்டும் ஒண்ணு இல்லிங்க."

தொழிலைப் பற்றி யார் என்ன சொன்னாலும் இளமாறனுக்குச் சுருக்கென்று படும். இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. மூன்றாம் நாள் ஆபீசில் சேலம் லாரிக்குச் சரக்கு ஏற்றிக்கொண்டிருந்தார்கள். கடைசி ஊரில் இறங்கவேண்டிய சரக்கு உள்ளே, முதல் ஊரில் இறங்கவேண்டியது கதவோரம். தினமும் பார்க்கிற காட்சிதான். அன்றைக்கு அவன் சணலைக் கையில் பிடித்தபடி அப்படியே நின்றுவிட்டான். தேவுவின் பையை அவன் பார்சலாக நினைத்துவிட்டான். அது லாரி.

அதிலிருந்து அவன் குழந்தையைக் கவனிக்க ஆரம்பித்தான். வீட்டை விட்டுக் கிளம்பினால் முதலில் எது வரும், எத்தனை நேரத்தில் பசிக்கும், எப்போது தூங்கி விழும். ஆடித் தள்ளுபடியில் ஒரு ஜவுளிக்கடை இலவசமாகக் கொடுத்த நீலப் பையை இதற்கென்று ஒதுக்கினான். இரண்டு டயபரும் ஈரத் துணி போட்ட டப்பாவும் மேலே. பழைய பருத்திச் சேலையில் கிழித்த விரிப்பு அதற்கும் மேலே, ஏனென்றால் குழந்தையைக் கிடத்தின பிறகுதான் மற்றது. கேழ்வரகுக் கஞ்சி, வேகவைத்த ஆப்பிள், வெந்நீர் பிளாஸ்க் நடுவில். மாற்றுடை அடியில். ஓரப் பையில் காய்ச்சல் சொட்டு மருந்து, தெர்மாமீட்டர், அழுக்குக்கு இரண்டு கவர். ஒரு ரப்பர் வாத்து எங்கே வேண்டுமானாலும்.

"ஒங்களுக்கு ஒரு சட்ட வையுங்க" என்றாள் ஜெயசுதா.

"எனக்கு எதுக்கு? நானா கக்கப் போறேன்?"

"அவ ஒங்க மேலதான கக்கப் போறா."

ஆபீசுக்குப் போட்டுப்போகும் பழைய கட்டம்போட்ட சட்டை ஒன்றை மடித்து அடியில் வைத்தான்.

கார்த்திகை மாதம் தேவுவுக்குப் பத்து மாதம். அந்த மாதத்தில் ஒரே நாளில் இரண்டு காரியம் வந்து விழுந்தது. ஜெயசுதா ஒரு வருடமாகப் படித்துவந்த அரசுத் தேர்வு அன்றைக்குத்தான். அன்றைக்கேதான் கல்வராயன் மலையில் காதுகுத்து. இளமாறனுடன் ஆபீசில் மூட்டை தூக்கும் மாயவன் தன் மூன்று வயது மகள் மலர்விழிக்குக் காது குத்துகிறான். ஆபீசிலிருந்து ஒருவராவது வராவிட்டால் முகத்திலேயே விழிக்க மாட்டேன் என்று சொல்லியிருந்தான்.

"நான் தேவுவத் தூக்கிக்கினு போய்ட்டு சாயங்காலத்துக்குள்ள வந்துடறேன். வூட்ல இருந்தா ஒன்னத் தேடி அழுவா. பஸ்சுல ஏறுனா கம்முனு இருப்பா" என்றான் இளமாறன்.

ஜெயசுதா அவனைப் பார்த்தாள், பையைப் பார்த்தாள். ஜிப்பைத் திறந்து கையை விட்டாள். கை போன இடத்தில் டயபர் இருந்தது. மூடிவிட்டு ஹால் டிக்கெட்டை எடுத்துக்கொண்டாள்.

முகூர்த்த நாள் என்பதால் வெள்ளிமலை பஸ்சில் நிற்க இடமில்லை. "பையெல்லாம் முன்னால பானட்டாண்ட வெச்சிடுங்க" என்று கண்டக்டர் ஒவ்வொருவர் பையையும் வாங்கி டிரைவருக்குப் பக்கத்தில் அடுக்கினார். குழந்தையைப் பார்த்து ஒரு அம்மாள் நகர்ந்து இடம் கொடுத்தார். ரோஷன் பீவி என்று பெயர், கள்ளக்குறிச்சிக்காரர். வாரம் ஒருமுறை குடம், மக்கு, பேசின் என்று பிளாஸ்டிக் சாமான்களை மலைக்குக் கொண்டுபோய் விற்பவர். அவர் காலடியில் மக்குகளும் பேசின்களும் ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கிக் கிடந்தன. அந்த அடுக்கின் நேர்த்தியை இளமாறன் மனதுக்குள் மெச்சிக்கொண்டான்.

மலையடிவாரத்தில் டீ குடிக்க ஐந்து நிமிடம் நின்றது. ஒரு பையன், இருபத்து மூன்று நாலு வயதிருக்கும், பானட்டிலிருந்து ஒரு நீலப் பையை எடுத்துக்கொண்டு இறங்கி, காத்திருந்த பைக்கில் ஏறிப் போனான். இவனும் அந்தக் கடையில்தான் துணி எடுத்திருக்கிறான் என்று இளமாறன் நினைத்தான். அதற்குமேல் ஒன்றும் நினைக்கவில்லை.

மூன்றாவது வளைவில் ரோஷன் பீவி மூக்கைச் சுளித்தார். நாலாவது வளைவில் இளமாறனுக்கும் தெரிந்துவிட்டது. முன்னால் போய்ப் பையை வாங்கிவந்து மடியில் வைத்து, ஜெயசுதா பார்த்தால் பெருமைப்படும் நிதானத்துடன் ஜிப்பைத் திறந்தான்.

மேலே இருந்தது சிவப்புப் பட்டுப்பாவாடை. அதற்குக் கீழே ஜரிகை போட்ட புது வேட்டி, துண்டு, கவர் பிரிக்காத சட்டை. ஒரு சேலை. பிறகு வெற்றிலை பாக்கு, வளையல், கண்ணாடி சீப்பு, ஓரத்தில் ஒரு சீப்பு மஞ்சள் வாழைப்பழம்.

ரோஷன் பீவி எட்டிப் பார்த்தார். "இன்னாப்பா, இந்த வயசுலயே பொண்ணுக்குக் கல்யாணமா?"

"இது என் பை இல்லிங்க" என்றான்.

கண்டக்டரிடம் சொன்னான். "நீலப் பை மட்டும் பதினோரு பை ஏத்தனேன். எது யாருதுன்னு நான் இன்னாத்த கண்டேன்?" என்றார் அவர். பிறகு உள்ளே பார்த்துவிட்டு, "இது தாய்மாமன் சீரு. இன்னிக்கு மலையில எத்தினி வூட்ல காதுகுத்தோ" என்றார். மாயவனுக்குப் போன் போட்டால் சிக்னல் இல்லை. அதற்குள் தேவு நெளிய ஆரம்பித்துவிட்டாள்.

கார்த்திகை மழையில் பாறையிலிருந்து தண்ணீர் வழியும் ஒரு திருப்பத்தில் கண்டக்டர் விசில் ஊதினார். "ரெண்டு நிமிசம். அதுக்கு மேல முடியாது." பஸ்சில் யாரும் ஆட்சேபிக்கவில்லை. எல்லோருக்கும் மூக்கு இருந்தது.

ரோஷன் பீவி விற்கக் கொண்டுபோன புது மக்கு ஒன்றை உருவிக்கொண்டு இளமாறனோடு இறங்கினார். அவர் தண்ணீர் ஊற்ற, இளமாறன் கழுவினான். தண்ணீர் சில்லென்று இருந்தது. தேவு மலை எதிரொலிக்க ஒரு கத்துக் கத்தினாள். கழுவியாயிற்று. கட்ட ஒன்றும் இல்லை.

"பையில புதுத் துண்டு கீதே, எடுத்துக் கட்டு. யாரு பாக்கப் போறாங்க?" என்றார் ரோஷன் பீவி.

இளமாறன் துண்டைத் தொட்டுப் பார்த்தான். நல்ல துண்டு. பன்னிரண்டு வருடத்தில் எத்தனையோ பேர் அனுப்பிய பலகாரமும் பட்டும் அவன் கையால் போயிருக்கின்றன. அடுத்தவர் பார்சலிலிருந்து ஒரு முறுக்குகூட எடுத்ததில்லை.

"வேணாங்க. யாரோ ஆசையா வாங்கனது" என்று சொல்லிவிட்டு, காதுகுத்துக்கென்று போட்டுவந்த வெள்ளைச் சட்டையைக் கழற்றினான்.

அடுத்து நடந்ததை ரோஷன் பீவி இன்றைக்கும் சொல்கிறார். சட்டையை முக்கோணமாக மடித்தான். குழந்தையை நடுவில் கிடத்தினான். சட்டையின் இரண்டு கையையும் முன்னால் கொண்டுவந்து, ஒன்றன் கீழ் ஒன்றாகச் செருகி, இடுப்பில் ஒரு முடிச்சுப் போட்டான். காலர் பின்னால் வால்போல நின்றது. "அப்படியே அச்சு வெச்ச மாதிரி. ஒரு சொட்டு கீழ எறங்கல" என்பார்.

பஸ் கிளம்பியதும் தேவு திறந்திருந்த பைக்குள் கையை விட்டு ஒரு வாழைப்பழத்தைப் பிய்த்துவிட்டாள். இளமாறன் பிடுங்கப் பார்த்தான். அவள் விடவில்லை. கஞ்சியும் கையில் இல்லை. "இது நான் எடுக்கல, அவளே எடுத்தது" என்று ரோஷன் பீவியைச் சாட்சி வைத்துக்கொண்டு தோலை உரித்துக் கொடுத்தான்.

மாயவன் ஊருக்கு இறங்கி, மக்காச்சோளக் கொல்லைக்கும் மரவள்ளிக் கொல்லைக்கும் நடுவே அரைக் கிலோமீட்டர் நடந்தான். பனி இன்னும் கலையவில்லை. பனியனோடு நடக்கும் ஆளையும் சட்டையைக் கட்டிக்கொண்டு போகும் குழந்தையையும் பார்த்து ஒரு ஆடு மேய்ச்சலை நிறுத்தியது. பந்தல் தெரிந்ததும், யாராவது பெண்களிடம் ஒரு பழைய துணி கேட்டு வாங்கிவிட்டால் போதும் என்று அவனுக்கு இருந்தது.

பந்தலுக்குள் நுழைந்தவன் அப்படியே நின்றுவிட்டான்.

நடுவில் பாய் விரித்து ஏழு தாம்பாளம் வைத்திருந்தார்கள். முதல் தாம்பாளத்தில் டயபர்கள், விசிறிபோலப் பரப்பி, நடுவில் ஒரு செவ்வந்திப் பூ. இரண்டாவதில் ஈரத் துணி டப்பாவும் தெர்மாமீட்டரும். அடுத்ததில் கஞ்சி டப்பாவுக்கும் ஆப்பிள் டப்பாவுக்கும் குங்குமம் வைத்திருந்தது. வெந்நீர் பிளாஸ்க்குக்கு மாலை. சேலைக் கிழிசலைச் சதுரமாக மடித்து அதன்மேல் வெற்றிலை. சொட்டு மருந்து தனியாக ஒரு தட்டில். தேங்காயைப் பார்த்தபடி ரப்பர் வாத்து. அழுக்குக் கவர்கூட வீணாகவில்லை, அதில் பாக்கு போட்டிருந்தார்கள்.

மாயவனுக்கு அத்தை, பெரியம்மாள் என்பவர்தான் சீர் பரப்பியவர். சுற்றி நின்றவர்களுக்கு அவர் விளக்கிக்கொண்டிருந்தார். "மாமன்காரன் திருப்பூர்ல பனியன் கம்பெனில கீறான். அங்க இப்ப இப்படித்தான் வெக்கிறாங்களாம். நமக்கு இன்னா தெரியும்?"

மாயவனின் மனைவி இருசம்மாள் ஒரு ஓரமாக நின்றாள். தம்பி முதல்முதலாகச் செய்யும் சீர். ஒருவர் முன்னாலும் அவனை விட்டுக்கொடுக்கக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள். கண் மட்டும் கலங்கியிருந்தது.

அப்போது மாயவன் வீட்டுக்குள்ளிருந்து வந்தான். மச்சான் கொண்டுவந்த சட்டையைப் போட்டுக்கொண்டுதான் மனையில் உட்கார வேண்டும் என்று போட்டுவிட்டிருந்தார்கள். கட்டம்போட்ட சட்டை. கையைத் தூக்கி ஒருமுறை பார்த்துக்கொண்டான்.

"வா இளமாறா. இன்னா, பனியனோட வந்துகீற?" என்றவன் குனிந்து பாக்கெட்டைப் பார்த்தான். அதில் நீல மார்க்கர் கறை இருந்தது. "இந்தச் சட்டைய எங்கியோ பாத்த மாதிரியே கீதுடா."

"தெனம் பாக்கற. அது என்னுது" என்றான் இளமாறன்.

விளக்கிச் சொல்லவெல்லாம் இளமாறனுக்கு நேரமில்லை. நேராக முதல் தாம்பாளத்துக்குப் போய், குனிந்து, பூவை ஓரமாக நகர்த்தி, ஒரு டயபரை எடுத்தான். சேலை விரிப்பை எடுத்தான், ஈரத் துணியை எடுத்தான். பாயின் ஓரத்திலேயே தேவுவைக் கிடத்தி, அத்தனை பேர் பார்க்க மாற்றிவிட்டான். எல்லாமே கைக்கெட்டும் தூரத்தில், தனித்தனியாக, ஒன்று இன்னொன்றை மறைக்காமல் இருந்தது. இவ்வளவு சௌகரியமாக அவன் ஒருநாளும் டயபர் மாற்றியதில்லை.

பிறகுதான் நீலப் பையைப் பெரியம்மாளிடம் நீட்டினான். "இதாங்க ஒங்க சீரு. ஒரு பழம் மட்டும் கம்மி. எம் பொண்ணு சாப்ட்டுட்டா."

அவர் பையைத் திறந்து பட்டுப்பாவாடையை வெளியே எடுத்தார். பாவாடையைப் பார்த்தார், வாத்தைப் பார்த்தார். "அதான நானும் நெனச்சேன், மாமன் எதுக்கு மருந்து வெக்கிறான்னு" என்றார்.

முதலில் சிரித்தது இருசம்மாள்தான். அடக்கி வைத்திருந்த அழுகையும் சேர்ந்து வந்ததால் நிறுத்த முடியவில்லை. சிரிப்பு பந்தல் முழுக்கப் பற்றிக்கொண்டது. சரியாக அந்த நேரத்தில் கொல்லைப்புறம் குளித்துவிட்டு, தலையைத் துவட்டிக்கொண்டு மாமன்காரன் தமிழரசன் வந்தான். பைக்கில் வந்த அதே பையன். எல்லோரும் ஏன் சிரிக்கிறார்கள் என்று தெரியாமல் அவனும் சிரித்தான். தாம்பாளத்தைப் பார்த்ததும் நிறுத்தினான்.

"அக்கா, சத்தியமா நான் பட்டுப்பாவாடதான் எடுத்தேன்."

"தெரியும்டா, உக்காரு" என்று அவன் தலையில் தட்டினாள் இருசம்மாள்.

தாம்பாளங்களை மாற்றி வைத்தார்கள். மாயவன் புதுச் சட்டைக்கு மாறினான். கட்டம்போட்ட சட்டை சந்தனப் பொட்டுடன் இளமாறனுக்குத் திரும்பி வந்தது. வழியில் நடந்ததைக் கேட்ட தமிழரசன் அவனைத் தனியாக அழைத்து, "அண்ணே, துண்டையாவது எடுத்துக் கட்டியிருக்கலாமே" என்றான். "கொழந்தைக்கு ஒண்ணும் கம்மியில்ல. எனக்குத்தான் கொஞ்சம் குளிரு" என்றான் இளமாறன். தமிழரசன் ஓடிப்போய் ஒரு டம்ளர் சூடான காபி கொண்டுவந்து கொடுத்தான்.

மாமன் மடியில் உட்கார்ந்த மலர்விழிக்குக் காது குத்தியதும் அவள் போட்ட கூச்சலில், பக்கத்தில் இருந்த தேவுவும் சேர்ந்துகொண்டாள். இரண்டு பேரும் போட்டிபோட்டு அழுதார்கள். யாரோ வாத்தை மலர்விழி கையில் கொடுத்தார்கள். அவள் அழுகை நின்றது. தேவு வாத்தைப் பார்த்து இன்னும் உரக்க அழுதாள். ஒரு வளையலைக் கொடுத்ததும் அவளும் நிறுத்தினாள். கிளம்பும்போது வாத்தை வாங்கவும் முடியவில்லை, வளையலைத் திருப்பிக் கொடுக்கவும் முடியவில்லை. அப்படியே விட்டுவிட்டார்கள்.

பஸ் மலையை விட்டு இறங்கிச் சிக்னல் வந்ததும் போன் விடாமல் கிணுகிணுத்தது. தாம்பாளமும் பனியனும் வாத்துமாக யாரோ எடுத்த போட்டோ, முந்தின பஸ்சில் இறங்கிப் போனவர்கள் மூலம் அவனுக்கு முன்பே கள்ளக்குறிச்சிக்குப் போய்விட்டிருந்தது. தேர்வு முடிந்து வீட்டு வாசலில் நின்றிருந்த ஜெயசுதா அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். சிரித்துச் சிரித்து முகம் சிவந்திருந்தது.

"பரீட்ச எப்படி எழுதன?" என்றான் அவன்.

"அது நல்லாத்தான் எழுதனேன். மொதல்ல நீங்க சொல்லுங்க. அடுத்தவங்க துணியத் தொடாம சட்டையக் கழட்டுனீங்களாமே. ரோஷன் பீவின்னு ஒருத்தங்க, மத்தியான பஸ்சுலயே எறங்கி, பக்கத்துத் தெரு ஜமால் முகமது கடையில வந்து சொல்லிட்டுப் போனாங்களாம்." சொல்லிக்கொண்டே குழந்தையை வாங்கினாள். வாங்கிய வேகத்திலேயே அவன் தோளில் ஒரு நிமிடம் நெற்றியை வைத்து எடுத்தாள்.

அந்த வாரமே நீலப் பையை அலமாரிமேல் போட்டுவிட்டு, கிளிப்பச்சை நிறத்தில் ஒரு பை வாங்கினார்கள். அந்தப் பச்சையை ஊரில் வேறு யாரும் விரும்பி வாங்க மாட்டார்கள் என்பதுதான் காரணம். உள்ளே ஐந்து அறைகளை ஜெயசுதாவே தைத்தாள். எந்த அறையைத் திறந்தாலும் மற்றதைக் கலைக்க வேண்டாம். இளமாறன் அவசரத்துக்கு இரண்டு டயபரைப் பைக்கு வெளியே, தன் பேண்ட் பாக்கெட்டிலேயே வைத்துக்கொள்ளத் தொடங்கினான். ஆபீசில் சில்லறைக்குக் கைவிட்டு டயபரை எடுத்த சம்பவங்கள் உண்டு. கைக்குழந்தையோடு வெளியூர் போகிறவர்கள் பார்சல் ஆபீசில் வந்து அவனிடம் யோசனை கேட்கிறார்கள். "மொதல்ல எது எறங்கும்னு சொல்லுங்க" என்றுதான் அவன் ஆரம்பிப்பான்.

தை ஐந்தாம் நாள் மணலூர்பேட்டை ஆற்றுத் திருவிழாவுக்குப் போனார்கள். சுற்று வட்டாரத்துச் சாமிகள் எல்லாம் தென்பெண்ணைக்கு வந்திருந்தன. ஜனமும் சாமிக்குக் குறையாமல் இருந்தது. ஈர மணலில் விரிப்பைப் போட்டு, கஞ்சி கொடுத்து, வாயைத் துடைத்து, குல்லாவைச் சரிசெய்து தேவுவை நிற்க வைத்தாள் ஜெயசுதா. பலூன்காரன் ஒருவன் எதிரே போனான். தேவு அவனைப் பார்த்தாள். அம்மாவின் விரலை விட்டாள். ஒரு காலை எடுத்து வைத்தாள், பிறகு இன்னொன்று. நாலு அடி போனபின்தான் அவளுக்கே தெரிந்ததுபோல நின்று திரும்பிப் பார்த்தாள், மறுபடி பலூனை நோக்கி நடந்தாள்.

இளமாறன் ஒரு பக்கமும் ஜெயசுதா ஒரு பக்கமும் கையை விரித்துக்கொண்டு, தொடாமலும் விடாமலும் அவள் பின்னாலேயே போனார்கள். விரிப்பும் பையும் கூட்டத்துக்கு நடுவே மணலில் கிடந்தன. அதை யார் பார்த்துக்கொள்வது என்று இருவருமே கேட்கவில்லை.